நெற்றியில் மனம் வாசிப்பவர்கள்

கொழும்பில் காகங்களுக்கு அடுத்தபடியாக வேகமாகப் பெருகிவரும் இனம் எது என்று கேட்டால், நீங்கள் நுளம்பு என்பீர்கள். நுளம்பு இல்லை. மூளையலைக்காரர். வெள்ளவத்தையில் காலி வீதியின் இரு பக்கமும், கொட்டாஞ்சேனையில் பூசை முடிந்து கலையும் கூட்டத்திலும், உடற்பயிற்சி நிலையங்களிலும், பல் வைத்தியரிடம் காத்திருக்கும் வாங்குகளிலும் இவரைக் காணலாம். அடையாளம் சுலபம். நமக்குக் கவலை வந்தால், அவருக்குப் பீட்டா அலை கூடும். நாம் சோம்பல் என்று சொல்வதை, முன்மூளை ஒத்துழைக்கவில்லை என்பார். மாமியார் வருகிறார் என்று கேட்டு நாம் முகம் சுளித்தால் அது வெறும் முகம். அவர் சுளித்தால் அது தரவு.

எப்படி இருக்கிறீர்கள் என்று மட்டும் அவரைக் கேட்டுவிடாதீர்கள். பார்த்துச் சொல்கிறேன் என்பார்.

இந்த இனத்தில் பழுதில்லாத ஒரு மாதிரியை உங்களுக்குக் காட்டுகிறேன். பெயர் ஸாலிஹ். வயது ஐம்பத்தொன்பது. வெள்ளவத்தையில் துணிக்கடை. கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் மூன்றாம் மாடி வீடு. காலிக்குப் போகும் ரயில் கடக்கும்போதெல்லாம் அலுமாரிக்குள் கோப்பைகள் கிலுகிலுக்கும். கடையில் அவரைப் பார்த்திருந்தால் நீங்கள் இப்படி ஒரு நிலைமையை எதிர்பார்த்திருக்கமாட்டீர்கள். வந்த பெண் சேலையின் முந்தானையை விரலால் பிடித்துப் பார்த்து, விலை கூட என்று உதட்டைப் பிதுக்கி, வேறு ஏழு சேலைகளைக் கலைத்துப் போட்டு, ஒன்றும் பிடிக்கவில்லை என்று எழும்பிப் போகிற போக்கில் முதல் சேலையை இன்னொரு தடவை தொட்டாளானால், அதை மடிக்கவேண்டாம் என்று கடைப்பெண்ணுக்குக் கண்ணால் சொல்லிவிடுவார் ஸாலிஹ். பத்து நிமிடத்தில் அவள் திரும்பி வருவாள். முப்பத்திரண்டு வருடத்தில் அந்தக் கணக்கு இரண்டு தடவைதான் பிழையானது. வேண்டாம் என்கிற வாயையும் வேண்டும் என்கிற மனதையும் விரல் நுனியில் பிரித்து வாசிக்கத் தெரிந்த மனிதர்.

அப்படிப்பட்டவருக்கு எதற்குக் கருவி? நியாயமான கேள்வி. வாடிக்கையாளரின் மனம் தெரியாவிட்டால் ஒரு சேலை போகும். வீட்டிலுள்ளவர்களின் மனம் தெரிந்துவிட்டால் இன்னும் நிறையப் போகும்: நிம்மதி, நித்திரை, வெள்ளிக்கிழமைப் பின்னேரம். ஆகையால் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அந்தத் திறமையையும் சேர்த்துக் கழற்றி வைப்பது அவருக்குப் பழக்கமாயிற்று.

கருவியைக் கொண்டுவந்தவர் அவருடைய மனைவி பைறோஸாவின் தம்பி நபீஸ். மெல்பேர்னில் இருக்கிறார். ஒவ்வொரு தடவை வரும்போதும் அளக்கிற சாமான் ஒன்று கொண்டுவருவார். இரத்த அழுத்தம் அளப்பது, சீனி அளப்பது, நித்திரை அளப்பது. தூரத்தில் இருப்பவர்களுக்குப் பயம் அதிகம். பயத்தைப் பெட்டியில் கட்டி அனுப்பினால் அது பரிசாகிவிடுகிறது. அளக்க இனி ஒன்றும் மிச்சமில்லை என்று எல்லோரும் ஆறுதலடைந்திருந்த வேளையில்தான் இந்தத் தடவை நெற்றிப்பட்டி வந்து சேர்ந்தது.

மெல்லிய சாம்பல் நிறப் பட்டி. நெற்றியைச் சுற்றிக் கட்டினால் இரண்டு புருவத்துக்கு மேலும் ஒவ்வொரு உலோகப் பொட்டு குளிராக ஒட்டிக்கொள்ளும். மூளையில் ஓடும் அலைகளைப் பிடித்துக் கைபேசிக்கு அனுப்பும். திரையில் ஒரு பச்சைப் புள்ளி. இடப்பக்கம் நகர்ந்தால் ‘நெருங்குகிறது’ என்று எழுத்து வரும். வலப்பக்கம் நகர்ந்தால் ‘விலகுகிறது’. முன்மூளையின் இடது பாதி சுறுசுறுப்பானால் மனிதன் ஒன்றை நோக்கிப் போகப் பார்க்கிறான், வலது பாதி என்றால் ஒன்றை விட்டு ஓடப் பார்க்கிறான் என்பது அதன் பின்னாலிருக்கும் ஆராய்ச்சி. இருபத்திரண்டு பக்கக் கையேட்டில் நான்கு பக்கம் படித்த ஸாலிஹ், ஐந்தாம் பக்கத்தைத் தானே எழுதும் அளவுக்குத் தேறிவிட்டார்.

“ஆல்ஃபா அல எண்டா கட பூட்டிக் கெடக்கிற மாதிரி” என்று விளக்குவார். “எந்தப் பக்கம் ஆல்ஃபா கொறயுதோ அந்தப் பக்கம் கட தொறந்தீக்கி. அவ்வளவுதான் விஷயம். இதுக்குப் போய் ஆளுகள் ஏழு வருஷம் படிக்கிற.”

பிறகு என்ன, வாழ்க்கை இலகுவாயிற்று. காலையில் இடியப்பமா பாணா என்று பைறோஸா கேட்டால் பட்டியைக் கட்டிக்கொண்டு இரண்டையும் மாறி மாறிப் பார்ப்பார். ரயில் வந்து வீடு அதிர்ந்தால் புள்ளியும் அதிரும். ரயில் போகும்வரை இருந்து, முதலிலிருந்து பார்ப்பார். அதற்குள் இடியப்பம் முடிந்திருக்கும். பட்டியோடு முச்சக்கர வண்டியில் ஏறிக் கூலி பேசியபோது சாரதி கண்ணாடியில் அவரையே பார்த்துக்கொண்டு, “மாத்தயா, ஒளுவ ரிதெனவத?” என்று கேட்டான். தலை வலிக்கிறதா என்று அன்பாக விசாரித்தானே தவிர, கூலியில் ஐம்பது ரூபா குறைக்கவில்லை.

கொட்டாஞ்சேனையில் இருக்கும் பழைய கூட்டாளி கிளறன்ஸின் நெற்றியிலும் ஒருநாள் கட்டிப் பார்த்தார். கிளறன்ஸ் துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். யாருக்கும் தலையைக் கொடுக்கத் தயங்காதவர். புள்ளி வலப்பக்கம் போய் நின்றது.

“மச்சான், நீ எதையோ விட்டு ஓடப் பாக்கிறாய். உள்ளுக்கு ஒரு கவல ஈக்கி.”

“கவலையெல்லாம் இல்ல மச்சான். ஒண்டரை மணியாச்சு. பசிக்குது.”

“அது நீ நெனக்கிற.”

“நான் நெனக்கல்ல. குசினியில மனுசி பேர்ணடெற் மீன் பொரிக்கிற வாசம் வருது. நீ இதைக் கழட்டினா ரெண்டு பேரும் சாப்பிடலாம்.”

பாருங்கள், மூளையலைக்காரரின் பெரிய பலம் இதுதான். ஆள் வாய் திறந்து உண்மையைச் சொன்னாலும் அவர் ஏமாறமாட்டார்.

இதுவரை யாருக்கும் நட்டமில்லை. மீன் கொஞ்சம் ஆறியது, அவ்வளவுதான். ஆனால் அந்த மாதம் ஸாலிஹின் ஒரே மகள் றுஷ்னாவுக்குக் கலியாணம் பேசி வந்தார்கள்.

றுஷ்னாவுக்கு இருபத்தாறு வயது. தனியார் வைத்தியசாலை ஒன்றின் ஆய்வுகூடத்தில் வேலை. மாப்பிள்ளை இன்ஸாப், தெஹிவளை, கணக்காய்வாளர், அமைதியான ஆள் என்று எல்லோரும் சொன்னார்கள், அதாவது அவருக்குப் பதிலாக அவருடைய உம்மா கதைப்பார். இரண்டு வீட்டுக்கும் பொருத்தம். மிச்சமிருந்தது ஒன்றுதான்: றுஷ்னாவுக்குப் பிடித்திருக்கிறதா?

“வாயத் தொறந்து ஒரு வார்த்த கேளுங்களே” என்றார் பைறோஸா. “நாக்குத் தேஞ்சா போகும்?”

“நீ கேளு.”

“நான் கேட்டா, வாப்பா எனத்த செல்றார் எண்டு கேப்பா. அவக்கு நீங்க கேக்கணும்.”

மகளிடம் ஸாலிஹ் எவ்வளவோ கேட்டிருக்கிறார். குடை எடுத்தாயா, பஸ் கிடைத்ததா, சாப்பிட்டாயா. இந்த மூன்று கேள்வியிலேயே இருபத்தாறு வருடத்தை நகர்த்தி வந்தவரை, திடீரென்று உனக்கு என்ன வேண்டும் என்று கேள் என்றால்? அவள் ஏதாவது சொல்லிவிட்டால்?

“எனத்துக்குக் கேக்கணும் பைறோஸா? நிக்காஹ் அண்டைக்கி சாட்சியோட போய்க் கேக்கிறம். பொண்ணு வெக்கத்தில பேசாம ஈந்தா அதயே சம்மதமா எடுக்கிறதானே. பேசாம ஈக்கிறதயே எடுக்கிறண்டா, மூள செல்றத எடுத்தா எனத்த? அது இன்னும் மேல்.”

பைறோஸா தேங்காய் துருவுவதை நிறுத்தினார். “அது கேட்ட பொறகு பேசாம ஈக்கிற. நீங்க இன்னும் கேக்கவே இல்லையே.”

இந்த ஒரு வசனத்தோடு கதை முடிந்திருக்கவேண்டும். முடியவில்லை. ஏனென்றால் ஸாலிஹ் அப்போது கைபேசியில் மின்னேற்றம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டார் வருவதாக ஏற்பாடு. இராக் கடமை முடித்துவந்து பகலில் நித்திரை கொண்டு எழும்பியிருந்த மகளிடம், உடம்புச் சோர்வை அளக்க மாமா கொண்டுவந்த சாமான், கொஞ்ச நேரம் கட்டியிரு என்று சொல்லிப் பட்டியைக் கொடுத்தார். அவளும் உம்மாவின் இரத்த அழுத்தக் கருவியைப் போல ஏதோ ஒன்று என்று நினைத்து, வாங்கி நெற்றியில் கட்டி, அதன் மேல் முக்காட்டைக் குத்திக்கொண்டாள். வெளியே ஒன்றும் தெரியவில்லை. உலகத்தில் எந்த ஆராய்ச்சிக்கூடத்துக்கும் வாய்க்காத வசதி.

விருந்தாளிகள் வந்தார்கள். ரோல்ஸ் வந்தது, வட்டிலப்பம் வந்தது. ஸாலிஹ் கதிரை நுனியில் உட்கார்ந்து கைபேசியை மடிக்குள் மறைத்துப் பிடித்துக்கொண்டார். றுஷ்னா ஸலாம் சொல்லி உட்கார்ந்தபோது புள்ளி நடுவில் நின்றது. இன்ஸாப் தலைநிமிர்ந்து ஒருதரம் சிரித்தார். புள்ளி கொஞ்சம் இடப்பக்கம் அசைந்தது. ஸாலிஹ் பக்கத்திலிருந்தவரின் தட்டில் கேட்காமலே இன்னொரு ரோல்ஸ் வைத்தார்.

அப்போதுதான் இன்ஸாபின் உம்மா, தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, மிகவும் பிரியமாகச் சொன்னார்:

“எங்கட வீட்டுக்கு வந்தா மகளுக்கு இந்த ரெத்தம் சளி எல்லாம் பாக்கிற வேல தேவல்ல. ராவில பஸ்ஸில அலையவும் தேவல்ல. வேலய உட்டுட்டு ராசாத்தி மாதிரி ஈக்கலாம்.”

புள்ளி துள்ளியது. இடப்பக்கம் ஓடி, ஓடி, திரையின் விளிம்பில் முட்டிக்கொண்டு நின்றது. ‘மிகவும் நெருங்குகிறது’ என்று எழுத்து மின்னியது. அப்படி ஒரு வரி அதற்குள் இருக்கிறது என்பதே ஸாலிஹுக்கு அன்றுதான் தெரியும். இடியப்பத்துக்கு அது ஒருநாளும் வந்ததில்லை.

அந்த நேரத்தில் அவர் தலையை நிமிர்த்தி மகளைப் பார்த்திருக்கலாம். கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தாள். மடியில் கிடந்த கைலேஞ்சியை அவள் கயிறு திரிப்பதுபோலத் திரித்துக்கொண்டிருந்தாள். கடைக்கு வந்தவளாக இருந்திருந்தால், அந்த விரல்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இவளுக்கு இப்போது எதையும் காட்டாதே என்று சொல்லியிருப்பார். ஆனால் மகள் வாடிக்கையாளர் இல்லையே.

வேலையை விட அவளுக்கு எவ்வளவு ஆசை என்று நினைத்தபோது ஸாலிஹுக்குக் கண் கலங்கியது. பாவம் பிள்ளை, இவ்வளவு நாளும் சொல்லாமல் இருந்திருக்கிறது.

ஞாயிறு காலை, றுஷ்னா கடமைக்குப் போன பிறகு, தெஹிவளைக்குத் தொலைபேசி எடுத்தார். மகளுக்குப் பூரண சம்மதம் என்றார். வேலையை விடுவதிலும் அப்படியே என்றார். அந்தப் பக்கம் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி, அடுத்த மாதம் இருபதாம் திகதி மண்டபம் கிடைக்குமா என்று அப்போதே பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

பின்னேரம் வீட்டுக்கு வந்த றுஷ்னாவுக்கு உம்மாதான் செய்தியைச் சொன்னார். றுஷ்னா கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“சம்மதமெண்டு யார் சென்ன?”

ஸாலிஹ் கைபேசியை நீட்டினார். நேற்றைய வரைபடம் பத்திரமாக இருந்தது. நாலேகாலுக்கு இன்ஸாபின் சிரிப்பு. நாலரைக்கு ராசாத்தி. “பாருங்க மகள். வாயால செல்ல வெக்கமா ஈந்தாலும் ஒங்கட மனசு எவ்வளவு தெளிவா செல்லீக்கி.”

புது இயந்திரம் வந்தால் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பது றுஷ்னாவின் தொழில். பெட்டியைத் தேடி எடுத்தாள், நின்றபடியே புரட்டினாள், பதினாலாம் பக்கத்தில் நிறுத்தினாள்.

“இத வாசிங்க வாப்பா.”

ஸாலிஹ் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். இடப்பக்கச் சுறுசுறுப்பு விருப்பத்தை மட்டும் காட்டுவதல்ல என்று அங்கே எழுதியிருந்தது. ஒன்றை நோக்கிப் பாயவைக்கும் எந்த உணர்ச்சியும் அங்கேதான் காட்டும். கோபமும் அப்படித்தான், கோபக்காரன் விலகுவதில்லை, நெருங்குகிறான். அதோடு, பல்லைக் கடித்தால் தாடைத் தசையின் அதிர்வும் சேர்ந்து பதிவாகும் என்பதால், இந்தக் கருவியை வைத்து ஒருவர் மனதைப் பற்றி முக்கியமான முடிவு எதையும் எடுக்கவேண்டாம்.

“எனக்கு வந்த ஆத்திரத்தில” என்றாள் றுஷ்னா, “அந்த வட்டிலப்பத் தட்ட எடுத்து எறியாம ஈந்ததே பெரிய விஷயம். நீங்க அத ஆச எண்டு செல்லீக்கிறீங்க.”

ஸாலிஹுக்கு இருபதாம் திகதி கண்முன்னே வந்து நின்றது.

“அப்ப... மாப்பிளய ஒங்களுக்குப் பிடிக்கல்லயா?”

“எனக்கிட்டயா கேக்கிறீங்க?”

“ஓம்.”

“இப்பதான் கேக்கிறீங்க.” அவள் கைப்பையைக் கீழே வைத்து அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். குரல் இறங்கியிருந்தது. “இன்ஸாப் பரவால்ல வாப்பா. சிரிக்கக்குள்ள நல்ல மனுஷன் மாதிரித்தான் ஈக்கி. ஆனா நான் வேலய உடமாட்டன். அது அவர்ட எண்ணமா, அவர்ட உம்மாட எண்ணமா எண்டு எனக்குத் தெரியணும். அவருக்கிட்ட நானே கதச்சிட்டுச் செல்றன். சரி எண்டாலும் நான் செல்றன், இல்ல எண்டாலும் நான் செல்றன்.”

ஆறே ஆறு வசனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாம்பல் பட்டி, உலோகப் பொட்டு, மெல்பேர்ன் விமானம், வட்டிலப்பம் எல்லாம் செலவழித்தும் கிடைக்காத தகவல், ஒரு கேள்விக்கு அரை நிமிடத்தில் கிடைத்துவிட்டது. இதில் ஸாலிஹ் செய்ததை நான் மறைக்கப்போவதில்லை: மகள் சொல்லி முடித்ததும், அது உண்மையா என்று கைபேசியைத் திரும்பிப் பார்த்தார். இனத்தின் குணம் அப்படி.

“கழட்டித்தானே ஈக்கி. அதில எனத்த பாக்கிற?” என்றார் பைறோஸா.

இனிக் கொடுத்த வார்த்தையைத் திருப்பி வாங்கவேண்டும். துணிக்கடைக்காரருக்கு இதைவிடக் கசப்பான வேலை இல்லை. விற்ற துணியைத் திரும்ப எடுப்பதில்லை என்று கடையில் மூன்று மொழியில் எழுதிப் போட்டிருப்பவர் அவர். அறைக்குள் போய், தொலைபேசி எடுக்கலாமா என்று பார்ப்பதற்காகத் தன் நெற்றியில் பட்டியைக் கட்டினார். தெஹிவளை எண்ணைப் பார்த்தார். புள்ளி வலப்பக்கம் போனது. எண்ணில் விரல் வைத்தார். புள்ளி இன்னும் போய், மறு விளிம்பில் ஒட்டிக்கொண்டது. விலகு, விலகு என்றது. வாங்கிய நாளிலிருந்து கருவி சொன்னவற்றில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சரியாக இருந்தது அது ஒன்றுதான். அந்த ஒன்றைத்தான் ஸாலிஹ் கேட்கவில்லை. எண்ணை அழுத்தினார்.

“காலையில சென்னது நான் சென்னது” என்றார், இன்ஸாபின் உம்மாவிடம். “மகள் சென்னதில்ல. நான் அவக்கிட்ட கேக்காம சென்னது. பிழ எனக்கிட்ட. வேலய உடுறதில அவக்குச் சம்மதமில்ல. மத்ததெல்லாம் ஒங்கட மகனோட கதச்சிட்டு அவவே செல்லுவா.”

அந்தப் பக்கம் மௌனம். நீண்ட மௌனம். ஸாலிஹுக்கு அதற்கு ஒரு அர்த்தம் உடனே தோன்றியது, அதை வாய்க்குள்ளேயே விழுங்கிக்கொண்டு, “நீங்க எனத்த நெனக்கிறீங்க?” என்று கேட்டார்.

கேட்டிருக்கக்கூடாது. அந்த உம்மா தான் என்ன நினைக்கிறார் என்பதைப் பதினெட்டு நிமிடம் சொன்னார். வெள்ளவத்தைக்காரர்களைப் பற்றிச் சொன்னார், துணி யாவாரிகளைப் பற்றிச் சொன்னார், மண்டபத்துக்குக் கட்டிய முற்பணத்தைப் பற்றிச் சொன்னார், தான் கலியாணம் முடித்து வந்தபோது படிப்பிக்கும் வேலையை விட்டதைப் பற்றியும், அதை விட விருப்பமா என்று அன்றைக்குத் தன்னை யாரும் கேட்கவில்லை என்பதைப் பற்றியும் சொன்னார். கடைசியில் சொன்னதை இரண்டாம் தடவையும் சொன்னார். பிறகு, வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு மகனை அனுப்புகிறேன், பிள்ளைகள் கதைக்கட்டும் என்றார்.

வெள்ளிக்கிழமை இன்ஸாப் வந்தார். தனியாக வந்தார். முன்னறையில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இருவரும் ஒரு மணிநேரம் கதைத்தார்கள். என்ன கதைத்தார்கள், சரியென்றாளா இல்லையென்றாளா என்று உங்களைப்போலவே ஸாலிஹுக்கும் தவிப்புத்தான். அது அவள் சொல்லவேண்டியது, சொன்னாள், அவளுடைய வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் மட்டும்.

நீங்கள் இப்போது நிம்மதியாகச் சிரிக்கிறீர்கள். நெற்றிப்பட்டி வாங்கும் அளவுக்கு உங்களுக்கு மூளை குழம்பவில்லை. நல்லது. ஆனால் ஒன்றைச் சொல்லிவைக்கிறேன்: இந்த இனத்தில் பட்டி வாங்குகிறவர்கள் மிகச் சொற்பம். மற்றவர்கள் எல்லோரும் வாங்காமலே வாசிப்பவர்கள். மனைவி பேசாமல் இருந்தால் அவளுக்குச் சந்தோஷம், மகன் கதவைச் சாத்தினால் அவனுக்குப் படிப்பில் ஆர்வம், தகப்பனார் வேண்டாம் என்றால் அவருக்கு உண்மையிலேயே வேண்டாம் என்று, ஒரு கருவியின் உதவியும் இல்லாமல், ஒரு பக்கக் கையேடும் படிக்காமல், பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்கள்.

பக்கத்து அறையில் இப்போது உங்கள் வீட்டார் யாராவது இருக்கிறார்களா? அவர் மனதில் என்ன ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியுமா?

தெரியும் என்றுதானே தலையாட்டினீர்கள்?